வாசலைவிட அகலமான கப்பல்

அந்த வருஷம் வாசலை அளந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது வருஷமாக அதைச் செய்து வந்தவன் சில்வானஸ். நவம்பர் பிறந்ததும், மூங்கிலைத் தொடுவதற்கு முன்னால், தன் வீட்டு வாசலின் இரண்டு தூண்களுக்கும் நடுவில் ஒரு பனைமட்டையைக் குறுக்கே வைத்து, ஒரு சாண் குறைத்து வெட்டுவான். "கப்பலோட இடுப்பு இதுக்கு மேல ஒரு விரல் போகக் கூடாது" என்பான். மட்டையைக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டுத்தான் மற்ற வேலை. நாங்கள் கட்டுவோம், ஒட்டுவோம், இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாடுவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது கப்பல் வாசலைத் தாண்டும். இரண்டு பக்கமும் அரைச் சாண் இடம் இருக்கும். அது தானாக அமைகிறது என்று நினைத்திருந்தோம் போல.

பன்ஜுல் நகரத்தில் அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு கப்பல் கட்டுவார்கள். மூங்கிலும் பனைமட்டையும் எலும்பு, வெள்ளைக் காகிதம் தோல். காகிதத்தை எட்டாய் மடித்துப் பேனாக்கத்தியால் பூவும் நட்சத்திரமும் குடைந்து ஒட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றினால் கப்பல் முழுவதும் சல்லடையாய் எரியும். தேவாலயத்துக்குப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் சேர்ந்துதான் தோள் கொடுப்போம். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன். மேளத்தோடு ஊரைச் சுற்றி, கடைசியில் யாராவது பெரிய மனிதர் வீட்டு முகப்பில் கப்பலைக் கொடுத்துவிட்டு வருவோம். கொடுத்த கப்பலைத் திரும்பக் கேட்கக் கூடாது. அடுத்த வருஷம் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

ஊருக்குப் பெயர் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கப்பலை இந்தத் தடவை பெரிய மனிதர் எவருக்கும் கொடுப்பதில்லை, ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்குக் கொடுப்பது என்று சில்வானஸ் சொல்லியிருந்தான். சொல்ல வைத்தவள் அவன் மனைவி இயாமிதே. அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். முந்தின வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் ஒரு பிள்ளை அவளிடம், "ராத்திரி மேளம் கேட்டுச்சு. அது என்னது, கல்யாணமா?" என்று கேட்டதாம். அதைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அதனால் சில்வானஸ் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டான். நீளமான அலையாத்திக் கம்பு ஒன்றை ஆற்றில் ஊறப்போட்டு, கல் ஏற்றி வளைத்து, அடிமரம் செய்தான். இரண்டு ஜோடி விலா மட்டும் கட்டியிருந்தான். வாசலை அளக்க இன்னும் நாள் இருந்தது. அக்டோபரில் அவன் போய்விட்டான்.

அதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகுப் பட்டறையில் அவன் தச்சன், நான் குமாஸ்தா. பழுது பார்த்த சின்னப் படகு ஒன்றை ஆற்றில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். தண்ணீர் எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். எனக்கு நீச்சல் தெரியாது. மழைக்காலத்தின் கடைசிக் காற்று ஒன்று கிழக்கிலிருந்து வந்து படகைக் குப்புறத் தள்ளியது. அவன் துடுப்பை என் அக்குளுக்குள் திணித்து, "பிடிச்சுக்கிட்டுக் கிட, மட்டார். படகைக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு நீந்திப் போனான். மீன்காரர்கள் என்னைத் தூக்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவனை ஆறு தரவேயில்லை. நீந்தத் தெரிந்தவன் போய், தெரியாதவன் வீடு வந்தேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூங்கில் பிளாச்சில் முடைந்த தட்டிவேலிதான். அதற்கு அந்தப் பக்கம் இயாமிதேயும் சில்வானஸின் அக்காள் ரன்சோலினாவும். இந்தப் பக்கம், மனைவி இறந்தபின் நான் ஒருவன். ஆற்றிலிருந்து நான் வந்த நாள் முதல் இயாமிதே என்னிடம் நேராகப் பேசியதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. உப்பு வேண்டுமென்றால்கூட, நான் கேட்கும்படி ரன்சோலினாவிடம் சொல்வாள். "அக்கா, அந்த வீட்டுல உப்பு இருக்கான்னு கேளுங்க." ரன்சோலினா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "காதுல விழுந்துச்சா, இல்ல நானும் ஒரு தடவை கத்தணுமா?" என்பாள்.

இந்த வருஷம் கப்பல் வேண்டாம் என்று எங்கள் தெருவின் கப்பல் சங்கத்தில் முடிவானது. அதைச் சொல்ல பீரம் போனான். சில்வானஸுக்கு அடுத்து சங்கத்தை நடத்த வேண்டியவன் அவன். நல்லவன், உரக்கப் பேசுகிறவன். கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றான்.

"அண்ணி, துக்க வீட்டுல மேளம் அடிக்கிறது சரியில்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இயாமிதே முற்றத்தில் கிடந்த அடிமரத்தைப் பார்த்தபடி, "மேளம் அடிக்க வேணாம். கப்பல் கட்டுங்க" என்றாள்.

"யாரு கட்டுறது? அண்ணன் இல்லாம எங்களுக்கு ஒரு எழவும் தெரியாதே."

"நான் சொல்றேன். நீங்க கட்டுங்க. இருபது வருஷமா ஜன்னல்ல உக்காந்து பாத்திருக்கேன்."

ரன்சோலினா உள்ளேயிருந்து, "அவ சொன்னா கேட்டுக்கோ பீரம். உன் தொப்பியைப் பிழிஞ்சது போதும், அதுல தண்ணி ஒண்ணும் வராது" என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. வேலை விட்டு வந்து, நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த முற்றத்தில் கூடுவோம். வடக்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கும் மாதம். பாலைத் தூசி பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் பால் மாதிரி படிந்திருக்கும். சூரியனை நேராகப் பார்க்கலாம், கழுவாத தட்டு மாதிரி இருக்கும். உதடு வெடிக்கும். அந்த மங்கலில் மூங்கிலைப் பிளந்தோம், நனைத்தோம், வளைத்தோம். இயாமிதே மரவள்ளிமாவில் பசை காய்ச்சி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் குடைவாள். நிமிராமல் சொல்வாள்: "அந்த விலா இன்னும் கொஞ்சம் வெளிய." "பக்கத்துல ஒரு தாழ்வாரம் வரட்டும்." "இன்னொண்ணு வரட்டும்."

"தாழ்வாரமா? கப்பலா இது, கவர்னர் மாளிகையா?" என்பான் பீரம்.

"ஆளுங்க நின்னு கடலைப் பாக்க வேணாமா?"

"எந்த ஆளுங்க அண்ணி? காகிதத்துல யாரு நிக்கப் போறா?"

"உன் மாமியார் நிப்பா, உன்னைத் தேடிக்கிட்டு" என்பாள் ரன்சோலினா. எல்லோரும் சிரிப்போம். வேலை முடியும்போது மீன் போட்ட சோறு ஒரே தாம்பாளத்தில் வரும். சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். இயாமிதே சரியாகச் சாப்பிட மாட்டாள். எங்களோடு ஒரு பிடி எடுத்துவிட்டு, கப்பலைச் சுற்றி நடப்பாள். கையை எதன் மேலும் வைக்க மாட்டாள். அந்த அடிமரத்தின் பக்கம் வரும்போது மட்டும் குனிந்து, அவன் கத்தி பட்ட இடங்களைத் தடவுவாள்.

ஒவ்வொரு நாளும் ஒன்று கூடியது. மூன்று பாய்மரம். பின்பக்கம் ஓர் அறை. அறைக்கு ஒரு மாடி. நான் காலையில் எழுந்து வேலிக்கு மேலே பார்ப்பேன். தூசிப்புகையில் அந்த வெள்ளைக் கப்பல் தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருக்கும். கோழிகள் அதன் அடியில் படுத்திருக்கும். சிலநேரம் இன்னும் விடியவில்லை, இன்னும் அக்டோபர் வரவில்லை, இப்போது சில்வானஸ் பல் குச்சியோடு வெளியே வரப்போகிறான் என்று எனக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியிருக்கும். நான் கேட்டதில்லை.

இருபத்துமூன்றாம் தேதி மாலை, கடைசிக் காகிதம் ஒட்டியாயிற்று. தூக்கிப் பார்ப்போம் என்று நாலு மூலையில் நாலு பேர் நின்றோம். கனமில்லை. வாசல்வரை நடந்தோம். முன்மூக்கு வெளியே போனது. பிறகு நின்றது.

"தள்ளுங்கடா" என்றான் பீரம், பின்னாலிருந்து.

"எதைத் தள்ளுறது? தூணையா?"

அவன் சுற்றி வந்து பார்த்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, முதலில் வாசலை அளந்தான். பிறகு கப்பலை அளந்தான். ஒரு பக்கம் ஒரு முழம், மறுபக்கம் ஒரு முழம் கூடுதல். திரும்ப அளந்தான், கயிறு பொய் சொல்கிறதோ என்று. பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான்.

"ஒருத்தன்கூட அளக்கலையா? ஏண்டா, ஒருத்தன்கூடவா?"

 அண்ணன் அளந்திருப்பார் என்றுதான் ஒவ்வொருவனும் நினைத்திருந்தோம், செத்துப் போனவன் என்று தெரிந்தும்.

"இயாமிதே, உனக்குத் தெரியாதா?" என்று ரன்சோலினா கேட்டாள். "நீதான எல்லாத்தையும் வெளிய வெளியன்ன?"

"தெரியும்" என்றாள் இயாமிதே.

கப்பலைப் பின்னால் இழுத்துப் பழைய இடத்தில் வைத்தோம். அவள் குரல் எப்போதும்போல இருந்தது. "அவரு வளைச்ச மரம் அது. ஆத்துலருந்து எனக்கு வேற எதுவும் வரல. ஒரு செருப்புகூட வரல. இது இங்கயே இருக்கட்டும்."

பீரம் மெதுவாக எழுந்தான். "சரி அண்ணி. இருக்கட்டும். வருத்தப்படாதீங்க. நாளைக்குக் காலையில சின்னதா ஒண்ணு கட்டிடறோம். பிள்ளைங்களுக்கு எது பெருசு எது சின்னதுன்னு என்ன தெரியும்? பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"தாழ்வாரத்தை மட்டும் அறுத்துட்டா?" என்றான் இன்னொருவன்.

"அறுக்கிறவன் கையை நான் அறுப்பேன்" என்றாள் ரன்சோலினா. தம்பியின் மரத்துக்கு அவளும் காவல்தான்.

பீரம் சின்னக் கப்பலுக்கு எவ்வளவு மூங்கில் மிச்சம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கியிருந்தான். இயாமிதே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல எத்தனை ஜன்னல் வைப்ப?"

"ஜன்னலா? பத்து, பன்னெண்டு. போதாதா?"

"நூத்திப் பதினாலுன்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட?"

"பிள்ளைங்ககிட்ட. தினமும் கஞ்சி ஊத்தும்போது கேப்பாங்க, நேத்து என்ன கட்டுனீங்கன்னு. சொல்லுவேன். கடைசிக் கட்டில்ல கும்பான்னு ஒரு பொண்ணு, கால்ல மாவுக்கட்டு. அவ விரல்விட்டு எண்ணுவா. மூணு பாய்மரம், ரெண்டு தாழ்வாரம், மாடியில ஒரு அறை. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கப்பல் வந்ததும் தப்பு கண்டுபிடிக்கப் போறேன்னு சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  ஒவ்வொருவராகக் கலைந்தோம். நான் என் வீட்டுக்கு வந்து, விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டு வாசல் அகலம். என் அப்பா கழுதை வண்டி வைத்திருந்தவர். அதற்காக இரண்டு கதவு போட்டது. இதை ஏன் அங்கேயே சொல்லாமல் வந்தேன் என்று எனக்கே புரியவில்லை. அவளிடம் கப்பலைக் கேட்கும் உரிமை எல்லோரையும்விட எனக்குத்தான் குறைவு என்று பட்டது.

காலையில் வேலிக்குப் போய் ரன்சோலினாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நடுவுல இருக்கிற தட்டியை எடுத்துட்டா கப்பல் என் முத்தத்துக்கு வந்துடும். அங்கிருந்து என் வாசல் வழியாத் தாராளமாப் போகும். அவங்க விருப்பம்தான். கேட்டுப் பாருங்க."

ரன்சோலினா திரும்பவேயில்லை. "இயாமிதே, வேலியைப் பிரிக்கட்டுமான்னு கேக்குறாரு" என்று அங்கிருந்தே கத்தினாள்.

இயாமிதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணி. கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

"நான் வேலை முடிச்சுட்டு மூணு மணிக்கு வந்துடுவேன். அதுக்குள்ள பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, அக்கா."

வேலியைப் பிரிக்க எங்களுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முடிச்சுகளெல்லாம் மழையில் இற்றுப்போயிருந்தன.

மூன்றரைக்கு ஆறு பேர் தூக்கினோம். மேளம் இல்லை. அவள் வேண்டாம் என்றதால் மேளக்காரர்கள் வெறுங்கையோடு பின்னால் வந்தார்கள். கப்பல் இயாமிதே வீட்டு முற்றத்திலிருந்து என் முற்றத்துக்குள், என் பப்பாளி மரத்தை உரசிக்கொண்டு, மிதந்து வந்தது. கீழே எங்கள் கால்கள் தூசியில் மறைந்திருந்தன. எதிரே வந்தவர்களுக்குத் தானாகப் போகிற கப்பலாகத் தெரிந்திருக்கும். தெருவோரத் தையற்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். மேளம் இல்லாமல் போகும் கப்பலை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கடலை வறுக்கும் பெண் ஒருத்தி கரண்டியைச் சட்டியிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள், சத்தம் வராமல் இருக்க. இயாமிதே முன்னால் நடந்தாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் அகலம்தான். வார்டுக் கதவு ஒரு கட்டில் போகும் அளவு.

நாங்கள் படிக்கட்டின் கீழே கப்பலை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். பீரம் இடுப்புக் கயிற்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அங்கயும் அளக்கல, இங்கயும் அளக்கல" என்றாள் ரன்சோலினா. "உங்களை எல்லாம் பெத்தப்பவாவது அளந்து பாத்திருக்கணும்."

வார்டு சிஸ்டர் வெளியே வந்தார். தடித்த அம்மாள், குரல் மெல்லியது. "அடேயப்பா, எவ்வளவு அழகு! ஆனா உள்ள கொண்டுவர முடியாதே. இங்கயே முத்தத்துல வைங்க. நடக்க முடிஞ்ச பிள்ளைங்க வந்து பாக்கட்டும்."

"நடக்க முடியாததுங்க?" என்றாள் இயாமிதே.

"ஜன்னல் உசரமா இருக்கு. படுத்துக்கிட்டுப் பாத்தா வானம்தான் தெரியும். என்ன பண்றது, சொல்லு?"

உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. "வந்துடுச்சா? கஞ்சி ஆண்ட்டி, வந்துடுச்சா?" ஒரு குரல் மட்டும் தனியாக, அதிகாரமாக, "தாழ்வாரம் ரெண்டும் இருக்கா?" என்று கேட்டது. அதுதான் கும்பாவாக இருக்க வேண்டும்.

இயாமிதே கப்பலை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு பீரத்திடம் கையை நீட்டினாள்.

"கத்தியைக் குடு."

"அண்ணி?"

"குடுன்னா குடு."

ரன்சோலினா வாயைத் திறந்தாள். இயாமிதேயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அவள் முதல் முடிச்சை அறுத்ததை நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துவிட்டேன். நூல் தெறிக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது நடுப் பாய்மரம் அவள் கையில் இருந்தது. காகிதம் கிழியாமல், முடிச்சு இருக்கும் இடம் பார்த்து, ஒரு கோழியைப் பிரிக்கிற மாதிரி நிதானமாகப் பிரித்தாள். எங்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். "இது முதல் கட்டிலுக்கு. இது மூச்சு இரைக்குற பையனுக்கு, தலைமாட்டுல வைங்க. இந்தத் தாழ்வாரத்தை அந்த ரெட்டைப் பிள்ளைங்களுக்கு, நடுவுல வைக்கணும், இல்லன்னா சண்டை." நாங்கள் படியேறி இறங்கிக்கொண்டிருந்தோம். வார்டுக்குள் மெழுகுவத்தி கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரியில் இருந்த டார்ச்சுகளையெல்லாம் தேடிக் கொண்டுவந்தார். காவல்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு டாக்டர், காதில் பார்க்கும் சின்ன விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருட்டத் தொடங்கியபோது, கடைசிக் கட்டில் தவிர மற்ற இருபத்திரண்டு கட்டில்களிலும் ஒரு துண்டு கப்பல் எரிந்தது. சுவர் முழுவதும் பூவும் நட்சத்திரமும் பெரிதாகி அசைந்தன. காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கித் தன் உள்ளங்கையில் விழுந்த நட்சத்திரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் அடங்கிவிட்டார்கள். அந்த அறையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. இதை எழுதும்போதுதான் அப்படித் தோன்றுகிறது. அன்றைக்கு நான் அந்தச் சொல்லை மனத்துக்குள் வர விட்டிருக்க மாட்டேன்.

முற்றத்தில் அடிமரம் மட்டும் மிச்சம். கும்பாவுக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.

இயாமிதே அதைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கும்பா எட்டு, ஒன்பது வயதுப் பெண். புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுல காகிதம் இல்ல."

"இல்ல. இதுக்கு மேலதான் எல்லாம் நின்னுச்சு."

"எல்லாமுமா? மூணு பாய்மரமுமா?"

"எல்லாமும்."

கும்பா யோசித்தாள். "அப்ப எனக்குத்தான் பெருசு வந்திருக்கு" என்று எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும்படி சொன்னாள். கட்டில் போதவில்லை. அடிமரம் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீட்டிக்கொண்டு நின்றது. இயாமிதே அதை மாவுக்கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில், அந்தக் கால் சாய்ந்துகொள்ளத் தோதாக, அணைத்து வைத்தாள். வளைவு சரியாக இருந்தது. கையை எடுத்துவிட்டு, எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பி வரும்போது மற்றத் தெருக்களின் கப்பல்கள் எதிரே வந்தன. மேளமும் பாட்டும் மெழுகு வாசனையும். தெரிந்தவன் ஒருவன் கூட்டத்திலிருந்து கத்தினான்: "எங்க உங்க கப்பல்? மேளமும் இல்ல, கப்பலும் இல்ல, வெறுங்கையோட ஊர்வலமா?"

"பிள்ளைங்க தின்னுட்டாங்க" என்றாள் ரன்சோலினா. "எலும்பைக்கூட விடல."

இயாமிதே சிரித்துவிட்டாள். அவளுக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியும் நிற்கவில்லை. ரன்சோலினா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்கள். பிறகு ரன்சோலினா பீரத்தோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டாள். பின்னால் நாங்கள் இருவரும்.

கடல்பக்கக் காற்று திரும்பியிருந்தது. அவள் தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்தாள். எழுபத்தேழு நாளுக்குப் பிறகு.

"மட்டார் அண்ணே. அன்னைக்குத் தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சா?"

"இல்ல இயாமிதே" என்றேன். "மழைக்காலத் தண்ணி. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."